குழியைச் சுற்றிய முள்

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றித் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், ஒன்பதடி ஆழம். பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. கோடையில் பக்கத்து வீட்டார் குடத்தோடு வந்து நிற்பார்கள். மூடியைத் திறந்து வாளியை இறக்கி ஊற்றுவேன். "டீச்சர் வீட்டுத் தொட்டி வத்தி நாங்க பாத்ததில்ல" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமை அடங்குவதற்குள் மூடியை இழுத்துப் போட்டு மூடிவிடுவேன். அந்தத் தொட்டிக்காக வெட்டிய குழியில் ஒரு பெண் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். அவள் விழுந்ததற்குக் காரணம் நான். இதை என் வாயால் சொல்ல எனக்கு எட்டு வருஷம் ஆயிற்று. எழுத இன்னும் பல வருஷம் ஆகியிருக்கிறது.

அவள் புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்கள் வீட்டு வேலைக்கு வந்த சித்தாள். கல்லும் மண்ணும் தண்ணீரும் சுமப்பது அவள் வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாகத்தான் இருப்பாள். ஆனாலும் நான் "ஏட்டி" என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை "டீச்சர்" என்றாள். இன்றைக்கு உட்கார்ந்து "அவர்" என்று எழுதினால் நான் ஏதோ ஆரம்பத்திலிருந்தே மரியாதை தெரிந்தவள்போலத் தோன்றும். அந்தப் பொய் வேண்டாம். ஏற்கெனவே சொன்ன பொய்களே போதும். அவள் என்றே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த மனையை வாங்கினோம். என் கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விடுவார். அதனால் வீடு கட்டுவதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வெளியே சலித்துக்கொள்வேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை ஒரு முறைப்பில் உட்காரவைப்பவள். வேலையாட்களையும் அப்படியே நடத்தினேன். பள்ளிக்கூடம் போகும்முன் ஒரு தடவை, விட்டு வரும்போது ஒரு தடவை மனையில் வந்து நின்று, இது ஏன் கோணல், அது ஏன் குப்பை என்று கேட்பேன். கையில் பிரம்பு மட்டும்தான் இல்லை. கொத்தனார் ஐம்பது வயதுக்காரர், பொறுமைசாலி. "பாத்துக்கிடுவோம் டீச்சர்" என்பதற்குமேல் பேசமாட்டார்.

கரிசல் மண்ணில் வீடு கட்டுவது செம்மண்ணில் கட்டுவதுபோல இல்லை. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் உப்பிக்கொண்டு காலைப் பிடித்து இழுக்கும். காய்ந்திருக்கும்போது குழி வெட்டினால் ஓரம் வெட்டிவைத்த அல்வாத் துண்டு மாதிரி நேராக நிற்கும், பார்ப்பவருக்கு நம்பிக்கை வந்துவிடும். நனைந்தபிறகு எந்தப் பக்கம் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. மேலே தரை முழுசாகத் தெரியும், அடியில் மண் கழன்று போயிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

கட்டட வேலைக்குத் தண்ணீர் சேர்த்துவைக்க வேண்டும் என்பதால் எங்கள் பக்கத்தில் முதலில் தொட்டியைக் கட்டிவிட்டுத்தான் வீட்டைத் தொடங்குவார்கள். மனையின் பின்பக்கம், அடுப்படி வரப்போகிற இடத்துக்கு அருகில், தொட்டிக்குக் குழி வெட்டினார்கள். அடியில் ஜல்லியும் கொட்டிப் பரப்பியாயிற்று. கான்கிரீட் போடுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றது. கொத்தனார் ஆட்களை அனுப்பி வேலிமுள் வெட்டிவரச் செய்து, குழியின் ஓரத்திலிருந்து மூன்றடி தள்ளிச் சுற்றிலும் போடவைத்தார். எங்கள் ஊரில் குழிக்குக் காவல் என்றால் முள்தான். முள் கிடந்தால் ஆடு மாடு வராது, மனுஷரும் வரமாட்டார்கள்.

மழை விட்ட வாரத்தில் கடைக்கால் போட, அதாவது பூஜை செய்து அஸ்திவாரம் தொடங்க, நல்ல நாள் குறித்துக்கொண்டு வந்தோம். உறவினர் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. புதியம்புத்தூரிலிருந்து என் கணவரின் அக்கா, என் மதினி, குடும்பத்தோடு வேன் பிடித்து வருவதாகச் சொல்லியிருந்தார். அங்கே துணி தைக்கிற யூனிட் வைத்து வசதியாக இருப்பவர்கள். அவர்கள் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு.

முதல் நாள் சாயங்காலம் முன்பக்கம் பந்தல் போட்டு முடிந்ததும் மனையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பின்பக்கம் போய் அந்த முள்ளைப் பார்த்ததும் திக்கென்றது. எங்கள் பக்கத்தில் பிணத்தைப் புதைத்தால் நாய் தோண்டாமலிருக்க மேலே முள் வெட்டிப் போடுவார்கள். கறுத்த ஈர மண், குவியல், சுற்றிலும் முள். என் கண்ணுக்கு அது அப்படியே புதைகுழியாகத் தெரிந்தது. நாளைக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்? முக்கியமாக அந்த மதினி? அவர் வாயில் விழுந்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

கொத்தனார் பூஜைச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவள் பந்தலுக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.

"ஏட்டி, இந்த முள்ள எல்லாம் எடுத்து அந்த மூலையில போடு. பாக்கதுக்கு சுடுகாடு மாதிரி இருக்கு."

அவள் தயங்கினாள். "கொத்தனாரு வைவாரே டீச்சர். யாராவது தெரியாம வந்துட்டாவன்னா?"

"நான் அவருகிட்டச் சொல்லிக்கிடுதேன். குழி மேல கம்ப வச்சுக் கீத்தப் பரப்பிரு. பாக்க நல்லா இருக்கும்."

அவள் ஒரு கவைக்கம்பை எடுத்துவந்து முள்ளைத் தள்ளித் தள்ளி மூலையில் சேர்த்தாள். கட்டைவிரலில் ஒரு முள் ஏறிவிட்டது. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, "ஒங்க வீட்டு முள்ளுகூடக் கண்டிசனாத்தான் இருக்கு டீச்சர்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சவுக்குக் கம்புகளைக் குறுக்கே போட்டு, பந்தலுக்கு வந்து மிஞ்சிய தென்னங்கீற்றைப் பரப்பினாள். ஓரத்தில் ஈர மண் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடு" என்றேன். குழியின் ஓரத்தைத் தாண்டித் தரைமேலும் இரண்டடிக்குக் கீற்று வந்துவிட்டது. தரை எங்கே முடிகிறது, குழி எங்கே தொடங்குகிறது என்று அதற்குப்பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இருட்டுகிற நேரத்தில் கொத்தனார் வந்தார். தேங்காய், பழம், கற்பூரம் எல்லாவற்றையும் சரிபார்த்து வாங்கிக்கொண்டேன். முள்ளைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்றுதான் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. சொன்னால் திரும்பப் போடச் சொல்வார் என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பூஜை நல்லபடியாக முடிந்தது. அது முன்பக்கத்தில் நடந்ததால் கொத்தனார் உட்பட யாரும் குழிப் பக்கம் போகவில்லை. வேலையாட்களும் அன்றைக்குக் குளித்துப் பூ வைத்துத்தான் வந்திருந்தார்கள். அவள் தலையில் கனகாம்பரம். பூஜை முடிந்ததும் பந்தலில் இலை போட்டுச் சாப்பாடு தொடங்கியது. தண்ணீர் ட்ரம் தெருப்பக்கம் இருந்தது, சமையல் பின்பக்கம் நடந்தது. அவள் குடத்தில் தண்ணீர் எடுத்துப் பந்தி நடுவே புகுந்து சமையல்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை வரும்போது குடம் தளும்பி மதினியின் பட்டுச் சேலையில் இரண்டு சொட்டு விழுந்தது. மதினி சேலையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"ஏட்டி, எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ, எதுக்கு நடுவுல வார? அந்தப் பக்கமாச் சுத்திப் போ."

"சரி டீச்சர்" என்றாள்.

அந்தப் பக்கம் என்றால் குழிக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவே நான்கடி வழி. அதில் பாதியை நாங்கள் கீற்றால் மூடிவைத்திருந்தோம். குழி இருப்பது அவளுக்குத் தெரியும். தரை என்று நினைத்துத்தான் காலை வைத்தாள். தரைதான் அது. அடியில் மழை அரித்துவிட்டிருந்தது. கீற்று சரசரத்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்து ஜல்லியில் குடம் மோதிய சத்தம். அவள் கத்தவே இல்லை.

பந்தியை விட்டு எல்லோரும் ஓடினோம். ஒன்பதடிக்குக் கீழே, ஜல்லிமேல் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சரிந்த மண் தோள்வரைக்கும் மூடியிருந்தது. கொத்தனார் ஏணியை வைத்து இறங்கினார். இறங்கிக்கொண்டே கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"முள்ள எவ எடுத்தது? முள்ளு எங்க?"

நான் குழியின் மேலே நின்றுகொண்டிருந்தேன். கேள்வி எனக்கு நன்றாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற இன்னொரு சித்தாள் சொன்னாள்: "இவதான் அண்ணாச்சி நேத்து எடுத்துக்கிட்டு இருந்தா. நான் பாத்தேன்."

"கிறுக்கச்சி! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? ஒன்ன யாரு எடுக்கச் சொன்னா?" என்று அவர் அவளைத் தூக்கிக்கொண்டே வைதார். அவள் கீழேயிருந்து என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. நான் சொல்வேன் என்று காத்திருந்த பார்வை. நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பந்தியில் விரித்திருந்த ஜமுக்காளத்தில் வைத்து அவளை மேலே தூக்கினார்கள். வாசலில் மதினியின் வேன் நின்றது. அதில் நீளமாகப் படுக்கவைத்துக் கொண்டுபோயிருக்கலாம். சேறும் ரத்தமுமாக இருந்தவளை அதில் ஏற்றச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆட்டோ பிடித்துவரச் சொன்னேன். இடுப்பு ஒடிந்தவளை மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனோம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோ குதிக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு யார் கையைப் பிடிப்பாள், பக்கத்தில் நான்தானே இருந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்: "எப்படி விழுந்தாங்க? வேலை பாக்குற இடத்துலயா?"

வேலை பார்க்கிற இடம் என்றால் போலீஸுக்குத் தகவல் போகும், கேஸ் ஆகும், நான் அரசாங்க வேலையில் இருப்பவள். இவ்வளவும் ஒரு நொடியில் தலைக்குள் ஓடிற்று. "அவ ஊருல கெணத்துப் படியில வழுக்கி விழுந்துட்டா சார். தெரிஞ்ச பிள்ள, அதான் கூட்டிட்டு வந்தோம்" என்றேன். கோர்வையாக, நிறுத்தி, பாடம் சொல்கிற மாதிரி சொன்னேன்.

டாக்டர் அவளைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார்.

அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ஆமா சார். வழுக்கிட்டு" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளை நான் பெஞ்சுமேல் ஏற்றி நிற்கவைத்திருக்கிறேன்.

அவளைத் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் மனைக்குத் திரும்பியபோது வேன் கிளம்பத் தயாராக இருந்தது. மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளைத் தட்டினார். "மூஞ்சியத் தொங்கப்போடாத. புது மனைன்னா பூமி காவு கேக்கத்தான் செய்யும். நம்ம ஆளு மேல போகாம வேத்தாளு மேல போச்சேன்னு நெனச்சுக்கோ. இனிமே ஒங்களுக்கு ஒரு கொறையும் வராது."

இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். அதைக் கேட்டதும் எனக்கு மனசு லேசாயிற்று. ஆமாம், லேசாயிற்று. நன்றாக மூச்சு வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள், மீந்த கேசரியை எடுத்து இரண்டு வாய் போட்டுக்கொண்டேன். இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் நான் எழுதியதற்கே அர்த்தமில்லை.

அவள் தலையிலிருந்த கனகாம்பரம் குழிக்குள் ஜல்லிமேல் கிடந்தது. யாரும் இறங்கி எடுக்கவில்லை. நான்காம் நாள் கான்கிரீட் போட்டார்கள்.

திருநெல்வேலிக்கு ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊரில் ஆடு மேய்ப்பவர். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "இவ பண்ணுன கூத்துல ஒங்களுக்கும் அலச்சல் டீச்சர். முள்ள எடுத்ததும் இவதானாம், விழுந்ததும் இவதானாம். எங்கயாவது கேட்டுருக்கீங்களா?" என்றார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆரஞ்சுப் பழத்தையும் ரொட்டியையும் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். நேரம் ஆகியிருக்கவில்லை. அடுத்த இரண்டு தீபாவளிக்கும் கொத்தனார் மூலம் சேலை கொடுத்துவிட்டேன். மூன்றாவது தீபாவளிக்குக் கொத்தனார் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். அதோடு விட்டுவிட்டேன். விட்டுவிட ஒரு சாக்குக் கிடைத்ததே என்றுதான் இருந்தது.

எட்டு வருஷம் கழித்து எனக்குப் புதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதல் வந்தது. சேர்ந்த மாதமே வீடுவீடாகப் போய்க் கணக்கெடுக்கச் சொன்னார்கள். எத்தனை பிள்ளைகள், பள்ளிக்குப் போகிறார்களா, வீட்டில் ஊனமுற்றோர் உண்டா என்று ஒரு படிவம். என்னோடு கூடப் பணிசெய்த இளம் ஆசிரியை ஒருத்தியும் வந்தாள். எங்களுக்கு ஒதுக்கிய கிராமத்தின் பெயரைப் பார்த்ததும் அது அவள் ஊர் என்று தெரிந்துவிட்டது. வேறு தெருவை எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். இருந்ததே இரண்டு தெருதான்.

ஆறாவது வீடு. அவள் நடைவாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, மரச்சட்டத்தில் தீக்குச்சிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டிக் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே செய்கிற வேலை. பக்கத்தில் ஒரு ஊன்றுகோல். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். ஊன்றி எழப் பார்த்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"டீச்சர்! எங்க ஊருக்கே வந்துட்டீங்களா? வீடெல்லாம் நல்லா இருக்கா? தொட்டியில தண்ணி நிக்குதா?"

"நிக்குது" என்றேன்.

படிவத்தில் பெயர், வயது எல்லாம் எழுதினேன். ஊனம் என்ற இடத்தில் இடது கால் என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் "காரணம்" என்று இருந்தது. பேனா அங்கேயே நின்றுவிட்டது. கூட வந்த ஆசிரியை, "பிறவியிலயாம்மா, இல்ல விபத்தா?" என்று அவளைக் கேட்டாள்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "டீச்சருக்கே தெரியுமே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்க வீட்டு நல்ல காரியத்துல போயி நான் விழுந்து வச்சேன் டீச்சர். முள்ள எடுத்தவ ஒரு எட்டு கவனமா வச்சிருக்கலாம். எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாவ, பாதியில எந்திரிக்கும்படி ஆயிட்டு. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க" என்றாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். கூட வந்தவள் ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லம்மா" என்றேன். மன்னித்துவிட்டேன் அவளை! "விபத்து" என்று ஒரு வார்த்தையை எழுதிக்கொண்டு ஏழாவது வீட்டுக்குப் போனேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்றதற்கெல்லாம் ஏதாவது ஒரு சமாதானம் கையில் வைத்திருந்தேன். அன்றைக்குப் பதட்டம், அரசாங்க வேலை, வீட்டுக்கு வந்திருந்த பெரியவர்கள். இந்தப் "பரவாயில்ல"வுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. யாரும் மிரட்டவில்லை, எந்தக் கேஸும் இல்லை. பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் தனியாகப் போனேன். அவள் அதே இடத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். சேலை அழுக்காகும் என்று பதறினாள். வேறு பேச்சுப் பேசினால் தப்பித்துக்கொள்வேன் என்று தெரிந்ததால் உட்கார்ந்ததுமே சொன்னேன். "முள்ள எடுக்கச் சொன்னது நான். சுத்திப் போன்னு சொன்னதும் நான். கொத்தனாரு கேட்டப்போ வாயத் தொறக்கல. தப்பு எல்லாம் என்னுது. ஒன் மேல ஒண்ணும் இல்ல. நீங்க என்னய மன்னிக்கணும்." ஒன் என்று தொடங்கி நீங்க என்று முடித்திருந்தேன்.

அவள் கை நிற்கவில்லை. ஒரு வரிசை முழுக்க அடுக்கி முடித்தாள்.

"முள்ள எடுக்கச் சொன்னது நீங்கதான்னு எனக்குத் தெரியுமே டீச்சர்" என்றாள். "நீங்க மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன். பெரிய வேல பாக்கவிய, ஆயிரம் சோலி. நாமளாச் சொன்னா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்." அடுத்த வரிசைக்குக் குச்சியைக் கையில் அள்ளினாள். "ஆனா இத அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தீங்கன்னா, இத்தன வருசமா எங்க வீட்டுல ஒருத்தராவது என்னயப் பாத்துக் கண்ணு பொடதியிலயா இருந்துச்சுன்னு கேக்காம இருந்திருப்பாவ. கேட்டுக் கேட்டு எனக்கே அப்படித்தான்னு ஆயிப்போச்சு."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள் என்று அடக்கிக்கொண்டேன்.

"அவிய ஆட்டப் பத்திக்கிட்டு வார நேரந்தான்" என்றாள். "அவியகிட்ட ஒரு தடவ சொல்லிருங்க டீச்சர். வேற ஒண்ணும் வேண்டாம்."

காத்திருந்தேன். வெயில் தாழ்ந்ததும் ஆடுகள் வந்தன, பின்னால் அவள் புருஷன் வந்தார். என்னைப் பார்த்ததும் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கும்பிட்டதுபோலவே கும்பிட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கம்பக்கத்தில் இரண்டுபேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கேட்கட்டும் என்று குரலைக் குறைக்காமல் சொன்னேன்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியாமல் அவரைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டார்.

"முள்ளு போகட்டும் டீச்சர். கெணத்துப் படின்னு எதுக்குச் சொன்னீங்க? அதுக்கடுத்த வருசம் ஒரு ஆபீஸுல எழுதிப் போடச் சொன்னாவ, வேல எடத்துல அடிபட்டவியளுக்கு உதவி கெடைக்கும்னு. ஆஸ்பத்திரிச் சீட்டப் பாத்துட்டு, கெணத்துல விழுந்ததுக்கெல்லாம் கெடையாதுன்னு அனுப்பிட்டாவ. நானும் இவளத்தான் வைஞ்சேன், ஏட்டி, நீ எதுக்கு ஆமான்னு சொன்னன்னு. எங்க ஊருல படி வச்ச கெணறே கெடையாதே டீச்சர்."

எனக்கு அது தெரியாது. அவர்கள் ஊரில் கிணறு எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. நான்பாட்டுக்கு ஒரு கிணற்றை வெட்டி, அதற்குப் படியும் வைத்து, அவளை அதில் தள்ளிவிட்டிருந்தேன். 

"டீச்சர் பயந்துட்டாவ" என்றாள் அவள், குச்சிச் சட்டத்தைப் பார்த்தபடி. "விடுங்க. பயந்தா யாருக்கும் அப்படித்தான் வரும்."

ஆஸ்பத்திரியில் எனக்காக ஆமா என்றவள், இப்போதும் எனக்காகப் பதில் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை நான் இத்தனை வருஷத்தில் சொல்லிப் பார்த்ததில்லை. பொறுப்பு, குடும்பம், மானம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்தேன். அவ்வளவுதான்.

கடைசி பஸ்ஸுக்கு நேரம் நெருங்கியது. நான் எழுந்ததும் அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "ரோட்டு வரைக்கும் கூடப் போயிட்டு வாங்க. டீச்சருக்கு வழி தெரியாது. அங்கன குழி கெடக்குல்லா."

அவர் கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். ஊர்க் கோடியில் குழாய் பதிக்க ஆள் உயர ஆழத்துக்கு நீளமாகக் குழி வெட்டிப் போட்டிருந்தார்கள். வேலை பாதியில் நின்று பல நாளாகியிருக்க வேண்டும், ஓரமெல்லாம் சரிந்து கிடந்தது. அதன் நீளத்துக்கும் இரண்டு பக்கமும், ஓரத்திலிருந்து மூன்றடி தள்ளி, வேலிமுள் வெட்டிப் போட்டிருந்தது. பச்சை மாறாத புது முள்.

"கான்ட்ராக்ட்காரன் போட்டதா?" என்று கேட்டேன்.

"அவன் எங்க போட்டான்? இவதான் டீச்சர். முள்ளு காஞ்சு ஒடைய ஒடையப் புதுசா வெட்டிப் போடச் சொல்லி என் உயிர எடுக்கா" என்றார். கம்பால் ஒரு கிளையை விலக்கிப் பிடித்துக்கொண்டார். "ஓரத்துல மிதிக்காம, பாத்து வாங்க."

சேலையை முள்ளில் மாட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் காட்டிய தடத்தில் காலை வைத்து நடந்தேன்.